பெயருக்குப் பின்னால் வந்த இரண்டு எழுத்து

1

நம் பள்ளி ஆண்டு மலர்க்குழுத் தோழிகள் இந்த வருடமும் விடவில்லை. வெளியூரில் வாழும் பழைய மாணவிகள் பகுதிக்கு நீ எழுதியே ஆக வேண்டும் என்று பிடிவாதம். போன மலரில் எனக்கு முந்தைய பக்கத்தில் எழுதியவள் கனடாவில் வாசலில் பனி வாருகிறாள். அடுத்த பக்கத்துக்காரி மஸ்கட் வெயிலில் வேகிறாள். இருவருக்கும் நடுவில் நான், செய்யாறில் பஸ் ஏறி ஆறு மணி நேரத்தில் இறங்கிவிடக்கூடிய பெங்களூரிலிருந்து. பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு என்று நானே என்னைக் கேலி செய்துகொள்வதுண்டு.

ஆனாலும் வந்து இருபத்தோரு வருடம் ஆகிவிட்டது. ஓட்டு இங்கே, ரேஷன் கார்டு இங்கே. வீடு சந்தாபுராவில். காய்கறி வண்டிக்காரரிடம் தமிழ், மருந்துக் கடையில் கன்னடம், மாடிவீட்டு அம்மாவிடம் இரண்டும் கலந்த ஒன்று. கணவர் சேகருக்கு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஊரின் ஒரு கோடியில் தூங்கி மறுகோடியில் உழைக்கும் மனிதர். எனக்கு எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. அமெரிக்காவில் யார் யாரோ போட்டு வைத்த முதலீடுகளுக்கு அன்றன்றைய மதிப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று இங்கே உட்கார்ந்து பார்க்கிற வேலை. மகள் நேத்ரா ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

இதுவரை மூன்று முறை எழுதியிருக்கிறேன். ஒரு முறை சாம்பாரில் வெல்லம், ஒரு முறை சில்க் போர்டு சந்திப்பின் வண்டி நெரிசல், ஒரு முறை வாடகை வீட்டுக்காரர்கள். ஒவ்வொன்றின் அடியிலும் என் பெயரும் பட்டமும் ஊரும் அச்சாகி வந்தன. இந்த முறை வேறு ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. ஒரு கல்யாணப் பத்திரிகை என்னை அதில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

2

எங்களோடு தங்கி வேலை பார்க்கும் அண்ணன் குமரேசனின் மகள் பவித்ராவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளைக்குச் சென்னையில் வங்கி வேலை. ஆடி பிறப்பதற்குள் பத்திரிகை அச்சாகிவிட வேண்டும் என்று அண்ணன் பறந்துகொண்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அச்சகத்தில் போட்டுக் கொடுத்த மாதிரியை என் போனுக்கு அனுப்பினார். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்ததால் நேத்ராதான் அதை எடுத்துப் பார்த்தாள்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. பள்ளியில் இரண்டாம் மொழி கன்னடம், மூன்றாவது இந்தி. நான் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த அ, ஆ எல்லாம் இரண்டு கோடை விடுமுறையோடு நின்றுபோனது. அது என் சோம்பேறித்தனம்தான், அவள் மேல் பழி போட ஒன்றுமில்லை.

நம் பக்கத்துப் பத்திரிகை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எல்லாம் தமிழில் இருக்கும், பெயருக்குப் பின்னால் வரும் பட்டமும் கம்பெனிப் பெயரும் மட்டும் ஆங்கில எழுத்தில் இருக்கும். ஆகவே அந்தப் பத்திரிகை முழுவதிலும் என் மகளால் படிக்க முடிந்தது பட்டங்கள் மட்டும்தான்.

"அம்மா, எல்லாருக்கும் டிகிரி இருக்கு. யாரு யாருன்னுதான் கொத்தில்லா" என்று சிரித்தாள். தெரியவில்லை என்பதைக் கன்னடத்தில் சொல்கிறாள்; அவள் தமிழ் இப்படித்தான் கலந்து வரும். பிறகு விரலை வைத்துக் கேட்க ஆரம்பித்தாள். "பி.காம்., சி.ஏ. இது பவி அக்காதானே? ஆனா ரிசல்ட் இன்னும் வரலல்ல?"

"வந்துடும்" என்றேன்.

"கீழ இது யாரு? எம்.காம்., சி.ஏ.?"

எட்டிப் பார்த்தேன். நல்வரவை நாடும் அத்தை, மாமா வரிசையில் முதல் பெயர். "அது நான்தான்."

"நீயா?" புருவத்தைச் சுருக்கினாள். "ஸ்கூல் ஃபார்ம்ல மதர்ஸ் குவாலிஃபிகேஷன் எம்.காம்னுதானே சொன்னே? நான்தானே எழுதினேன்?"

"ஊர்ல சும்மா போட்டிருக்காங்கடி."

"சும்னே யாராவது போடுவாங்களா?" என்றாள். கிண்டலாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி பிடு மா" என்று போனை மேடையில் வைத்துவிட்டுத் தட்டோடு போய்விட்டாள். கல்லில் தோசை கருகியது. பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்த பவித்ராவுக்கு எல்லாம் கேட்டிருக்கும். அவள் திரும்பவே இல்லை.

3

என் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தது மார்கழியில். அப்பா தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர். வீட்டுக்கு எந்தப் பத்திரிகை வந்தாலும், முகூர்த்த நேரத்தைப் பார்ப்பதற்கு முன்னால் மாப்பிள்ளை பெண் பெயருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றுதான் பார்ப்பார். "பரவால்ல, பொண்ணும் எம்.எஸ்சி." என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பார். அப்படிப்பட்டவர் தன் மகளுக்கு என்ன போடலாம் என்று எத்தனை நாள் ஏங்கியிருப்பார் என்பது எனக்குத் தெரியும்.

எம்.காம். முடித்து, வேலூரில் ஓர் ஆடிட்டரிடம் தினமும் பஸ்ஸில் போய்ப் பயிற்சி எடுத்தேன். சி.ஏ. கடைசித் தேர்வில் இரண்டு குரூப். முதல் குரூப் தேறிவிட்டது, இரண்டாவதை நவம்பரில் எழுதியிருந்தேன். கல்யாணம் தை மாதக் கடைசியில். ரிசல்ட் பொங்கலை ஒட்டி வர வேண்டும். அப்பா அச்சகத்துக்குக் கொடுக்கும் தாளில் தன் அழகான கையெழுத்தில் எம்.காம்., சி.ஏ. என்று எழுதினார்.

"அப்பா, ரிசல்ட் வரலியேப்பா."

"கல்யாணத்துக்குள்ள வந்துடும்மா. வந்ததுக்கு அப்புறம் மறுபடியும் அடிக்க முடியுமா?"

காணும் பொங்கலுக்கு மறுநாள் அண்ணன் ஆரணி ரோட்டிலிருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். எல்லாப் பாடத்திலும் தேறியிருந்தேன். ஆனால் மொத்த மதிப்பெண்ணில் பாதி வந்தால்தான் அந்தக் குரூப் தேறும். எனக்கு ஆறு மார்க் குறைந்துவிட்டது. அதற்குள் பத்திரிகைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் தடவி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருந்தன.

அப்பா மீதிப் பத்திரிகைகளை அடுக்கி வைத்தார். பிறகு, "எனக்கும் அண்ணனுக்கும்தான் தெரியும். அதோட இருக்கட்டும். மே மாசம் எழுதிடு. ஆறு மார்க்குதானே" என்றார்.

அப்போது எனக்கு அழுகை வரவில்லை, நிம்மதிதான் வந்தது. தோற்றுப்போனதை விட, அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.

கல்யாணமான மூன்றாம் நாள், மறுவீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சேகரிடம் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பத்திரிகைல எனக்கு அசிஸ்டென்ட் மேனேஜர்னு போட்டிருந்துதே, பாத்தியா? நான் லைன் சூப்பர்வைசர்" என்றார். இருவரும் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். அதோடு எங்களுக்குள் அந்தப் பேச்சு முடிந்தது. மே மாதம் பெங்களூரில் வீடு தேடுவதில் போயிற்று. நவம்பர் புது வேலையில் போயிற்று. அப்புறம் மாமியார் உடம்பு, அப்புறம் நேத்ரா. தேர்வு விண்ணப்பத்தை இரண்டு முறை பூர்த்தி செய்து அலமாரியில் வைத்தேன். அந்த ஆறு மார்க்கை வாங்க நான் போகவே இல்லை.

4

இதில் வேடிக்கை என்னவென்றால், பெங்களூரில் நான் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. இங்கே சொல்லவும் முடியாது. வேலைக்குச் சேர்ந்தால் பள்ளிச் சான்றிதழ் முதல் பழைய சம்பளச் சீட்டு வரை ஒருவர் உட்கார்ந்து சரிபார்ப்பார். தந்தை பெயரில் ஒரு எழுத்து கூடினால்கூட விளக்கக் கடிதம் கேட்பார்கள்.

அதேசமயம் எங்கள் தொழிலில் பட்டத்தை மறைத்து வைப்பவர்களும் கிடையாது. மின்னஞ்சலின் அடியில் பெயரை விடப் பட்டங்கள் நீளமாக இருக்கும். மூன்று கட்டத் தேர்வில் ஒரு கட்டம் தாண்டியவர் அதையும் போட்டுக்கொள்வார். லிஃப்டுக்கு எதிரே ஒரு பெரிய திரை. யார் எந்தத் தேர்வை எத்தனை சதவீதத்தில் முடித்தார், முதல் முயற்சியிலா என்பதெல்லாம் போட்டோவோடு ஓடிக்கொண்டிருக்கும். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் காட்டும் விளக்கப் படத்தில் எங்கள் குழுவினர் பெயர்கள் வரிசையாக வரும். எல்லோருக்கும் பின்னால் ஏதாவது எழுத்து இருக்கும். அமுதா சேகருக்குப் பின்னால் மட்டும் வெள்ளையாக இருக்கும். என்னிடம் வேலை கற்றுக்கொண்ட பிள்ளைகள் இரண்டு பேர் இன்று எனக்கு மேலதிகாரிகள். வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய்.

செய்யாறு பஸ் நிலையத்தில் இறங்கினால் கதை மாறிவிடும். அங்கே நான் ஆடிட்டரம்மா. ஒரு முறை சித்தப்பா, வருமானவரி அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். படித்து, பதில் எழுதிக் கொடுத்தேன். "நீயே கையெழுத்துப் போட்டுடும்மா, நம்ம பொண்ணு இருக்கும்போது வெளியாளு எதுக்கு?" என்றார். வெளிமாநிலத்தில் வேலை பார்க்கிற ஆடிட்டர் சொந்த ஊரில் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாக அந்த நிமிடத்தில் உண்டாக்கினேன். சித்தப்பா அதை மரியாதையோடு கேட்டுக்கொண்டார். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அவரே அந்த விதியை எடுத்துச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அப்பா இறந்தபோது ஒட்டிய கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலும் மகள் பெயருக்குப் பின்னால் அது இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதும் சுவரில் பார்த்தேன். என் கண் முதலில் போனது அந்த இரண்டு எழுத்துக்கு. அதன் பிறகுதான் அப்பாவின் முகத்துக்குப் போனது.

5

பவித்ரா எங்களோடு வந்து இருக்க ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. ஜெயநகரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி முடித்து, அங்கேயே வேலையும் பார்க்கிறாள். அவளை அனுப்பும்போது அண்ணன் சொன்னது ஒன்றுதான். "அத்தை பக்கத்துல இருந்து அத்தை மாதிரி வந்துடு."

சி.ஏ. கடைசித் தேர்வை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் போய்விட்டது. முதல் முறை போனபோது அண்ணன் சந்தாபுராவுக்கே வந்துவிட்டார். சாப்பாட்டு மேஜையில் என்னைக் காட்டிச் சொன்னார், "உங்க அத்தைக்கு அப்போ கல்யாண வேலை வேற. நடுவுல ஒரே தடவைல முடிச்சா. உனக்கு இங்க இன்னா குறை?"

பிரவுசிங் சென்டரில் ரிசல்ட் பார்த்துவிட்டு வந்தவர் சொல்கிறார்! தட்டில் கறிவேப்பிலையை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். பவித்ரா என்னையே பார்த்தாள். அவளுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன். இரண்டாம் முறையும் இதே பேச்சு, போனில், ஸ்பீக்கரில். அப்போதும் என்னால் முடிந்தது, "விடுடா பவி, அடுத்த தடவை வந்துடும்" என்பதுதான். மூன்றாம் முறை மே மாதம் எழுதியிருக்கிறாள். அதன் ரிசல்ட் வருவதற்குள்தான் பத்திரிகையில் சி.ஏ. ஏறிவிட்டது.

அன்று அடுப்பை அணைத்துவிட்டு பால்கனிக்குப் போனேன். அவள் மடித்த துணியையே திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"பவி, ஒண்ணு சொல்லணும்டா."

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும்?"

"நான் சி.ஏ.வுக்கு ரிஜிஸ்டர் பண்ண அன்னைக்கே, பாஸானவங்க மெம்பர் லிஸ்ட்ல உங்க பேரைத் தேடினேன். ஸ்டேட்டஸ் போடலாம்னு, எங்க அத்தையும் நானும்னு. தாத்தா பேரோட அமுதா குமாரசாமின்னு தேடினேன், அமுதா சேகர்னு தேடினேன். செய்யாறு, வேலூர், பெங்களூரு எல்லாம் போட்டுப் பாத்தேன்."

"அப்பவே ஏன் கேக்கல? உங்க அப்பாவுக்கும் தெரிஞ்சதுதானே இது."

"கேட்டா அப்பா காதுக்குப் போகும்னு நினைச்சேன். அத்தை ஆடிட்டர்னுதானே அப்பா என்னை இங்க அனுப்பினாரு? அவருக்கே தெரியும்னு எனக்குத் தெரியாது." ஒரு நைட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நீங்களா சொல்வீங்கன்னு பாத்துட்டே இருந்தேன் அத்தை. ஃபர்ஸ்ட் டைம் போனப்போ சொல்வீங்கன்னு நினைச்சேன். அப்பா அவ்ளோ பேசினாரு. நீங்க ரசம் ஊத்தினீங்க."

இருபத்தோரு வருடத்தில் யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. முகத்தைப் பார்த்துத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை.

"ஆறு மார்க்குல போச்சு பவி" என்றேன். அழுகை வந்துவிட்டது. பொங்கல் முடிந்த அன்று வர வேண்டிய அழுகை.

"எனக்குப் போன தடவை பதினொண்ணு" என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு லேசாகச் சிரித்தாள். பிறகு போனை என் கையில் கொடுத்தாள். "என் பேர்ல இருக்கிறதை எடுக்கச் சொல்லி நான் அப்பாகிட்ட பேசறேன். ரிசல்ட் எப்படி வந்தாலும் பத்திரிகைல வேணாம். ஆனா உங்க பேர்ல இருக்கிறதை நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கதான் சொல்லணும்."

6

அண்ணனுக்கு அப்போதே போன் செய்தேன். முதலில் அவருக்குப் புரியவே இல்லை.

"எதை எடுக்கணும்?"

"சி.ஏ.வை. பவி பேர்லயும் எடுத்துடுங்க, என் பேர்லயும் எடுத்துடுங்க."

"பவியுது சரி, ரிசல்ட் வரல. உன்னுது எதுக்கும்மா எடுக்கணும்?"

"அண்ணா!"

அந்தப் பக்கம் அச்சகத்தின் இரைச்சல். அதிலிருந்து விலகி வெளியே வந்து நின்றிருப்பார் போல. "சத்தியமா சொல்றேன் அமுதா. நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன்மா" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்பாவும் நானும் சேர்ந்து அவரிடம் கொடுத்த பொருளை இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்ததில் அவருக்கே அது மெய்யாகிவிட்டது. மகளை அதை வைத்தே அளந்திருக்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை.

"இப்ப எடுத்தா மாப்பிள்ளை வூட்ல கேப்பாங்கம்மா. பொண்ணு ஆடிட்டர், அத்தை ஆடிட்டர்னு சொல்லித்தான் பேசி முடிச்சேன். நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு நிக்கறது?"

"எடுக்கலைன்னா பவி நிக்கணும் அண்ணா. நான் நின்ன மாதிரி. அவ புள்ளை ஒரு நாள் கேக்கற வரைக்கும்."

அவர் போனை வைத்துவிட்டார். மாலையில் பவித்ராவிடம் மட்டும் பேசினார். மகள் பேச்சைத் தட்ட முடியாமல், மறுநாள் சம்பந்தி வீட்டுக்கு அவரே நேரில் போய்ச் சொல்லியிருக்கிறார். பெண்ணுக்கு ரிசல்ட் வரவில்லை என்பதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லையாம். என்னைப் பற்றிச் சொன்னதும்தான் மாப்பிள்ளையின் அப்பா காபி டம்ளரைக் கீழே வைத்திருக்கிறார். "பத்திரிகையை ரெண்டு நாள் நிறுத்தி வைங்க, கலந்துட்டுச் சொல்றோம்" என்று அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு நாள், ஐந்து நாளாகிவிட்டது. மாப்பிள்ளை பவித்ராவோடு தினமும் பேசுகிறார், ஆனால் இதைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. அண்ணன் என்னோடு பேசுவதில்லை. என்னால் இந்தக் கல்யாணம் நின்றுபோனால் என்ன செய்வேன் என்று கேட்டுக் கேட்டு அலுவலகத்தில் ஒரு முதலீட்டின் மதிப்பை இரண்டு முறை தவறாகப் பார்த்தேன். சேகர்தான், "மறைச்சிக் கட்டிவெச்சா அப்புறம் மட்டும் நிக்குமா?" என்கிறார். பவித்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். "நின்னா நிக்கட்டும் அத்தை" என்றாள். குரல் நடுங்கத்தான் சொன்னாள். இன்னும் நான்கு நாளில் அவளுக்கு ரிசல்ட். காலையில் ஆபீஸ் கேப் வரும் வரை என்னோடு கேட் அருகே நிற்கிறாள். இரண்டு பேரும் அதைத் தவிர எல்லாவற்றையும் பேசுகிறோம்.

நேத்ராவிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ ஸ்கூல் ஃபார்ம் கரெக்ட்தானே?" என்றாள். "கரெக்ட்" என்றேன். அது போதும் என்பது போல் தலையாட்டினாள்.

7

மலர்க்குழுத் தோழிகளுக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டுரையைக் குறைக்க வேண்டியிருந்தால் எங்கே வேண்டுமானாலும் குறையுங்கள். போன மூன்று மலர்களிலும் அடியில் நீங்கள் போட்டதும் நான் திருத்தாமல் விட்டதுமான அந்த வரியை மட்டும் இந்த முறை அப்படியே போடாதீர்கள்.

மலர் ஊரில் எந்தெந்த வீட்டுக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். சித்தி நம் பள்ளியில் படித்தவர் என்பதால் சித்தப்பா வீட்டுக்கும் போகும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பக்கத்தைத் தேடிப் பிடித்து, முதல் வரியிலிருந்து உரக்கப் படிப்பார். அவருக்கு இதை நேரில் சொல்லும் தைரியம் எனக்கு இல்லாததால் இங்கே எழுதுகிறேன்.

சித்தப்பா, வெளிமாநில ஆடிட்டர் சொந்த ஊரில் கையெழுத்துப் போடக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அதை இனிமேல் யாரிடமும் சொல்லாதீர்கள். எனக்கு அந்தக் கையெழுத்தே கிடையாது.

அமுதா சேகர், எம்.காம்.
சந்தாபுரா, பெங்களூரு